தூங்கும் செல்கள், திருத்தப்படாத முடிவு

1
இந்தக் கதை என் குழப்பத்திலிருந்து பிறந்தது, மறைத்துப் பயனில்லை. ஆறு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தன. போன மாதம் முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் இருந்தது.

(முதலில் ‘விதி மீண்டும் கதவைத் தட்டியது’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். கதவை யாரும் தட்டவில்லை. ஒரு நர்ஸ் போன் செய்தார்.)

2
டாக்டர் ஒரு தாளில் வட்டங்கள் போட்டு விளக்கினார். கட்டியில் இருக்கும் எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்லை. சில மட்டும் ஸ்டெம் செல்களைப் போல நடந்துகொள்ளும். தம்மையும் புதுப்பித்துக்கொண்டு புதுக் கட்டியையும் வளர்க்கும். கீமோ பெரும்பாலும் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கொல்லும். இவை பெருகாமல் தூங்கியதால் தப்பியிருக்கலாம்.

“ஸ்டெம் செல்னா நல்லதுன்னுதானே சொல்வாங்க? குழந்தை பொறந்தா தொப்புள்கொடியில எடுத்து வைக்கிறாங்களே?” என்றாள் அக்கா.

“அது வேற, இது வேற. குணம் மட்டும் அதே மாதிரி.”

“ஆறு வருஷம் தூங்கினது இப்ப ஏன் முழிச்சுக்கிச்சு?”

“தெரியலம்மா,” என்றார் டாக்டர். “அதுதான் காரணம்னுகூட அடிச்சுச் சொல்ல முடியாது.”

இந்த இடத்தில் கதையின் அக்கா உடைந்து அழுவதாக

இல்லை. அக்கா அழவில்லை. அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். வட்டங்கள் போட்ட தாளைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

3
அந்தத் தூங்கும் செல்களைக் குறிவைக்கும் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்களாம். சேர்ந்தால், வழக்கமான சிகிச்சையோடு ஒரு மாத்திரையும் தருவார்கள். அதில் மருந்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

“வேண்டாம்க்கா. உன்னை வெச்சு சோதனை பண்றாங்க.”

“நீ மட்டும் என்னை வெச்சு கதை எழுதலாமாடா?”

அவள் ஒப்புதல் படிவத்திலிருந்த மூன்று எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

4
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ: மாத்திரை வேலை செய்தது. அக்கா மறுபடியும்

ஆ: அந்த மழைக்காலத்தில் அக்கா

இரண்டுமே நகரவில்லை. அப்படியே அவளிடம் கொடுத்தேன். கடைசிவரை படித்தாள்.

“இதுல நான் எப்பப் பாரு நோயாளியாவே இருக்கேனே? ஒரு அகராதிக்கு மெய்ப்பு பார்த்துட்டு இருக்கேன், அது எங்க?”

“கதைக்குத் தேவைப்படலக்கா.”

“எனக்குத் தேவைப்படுது. எழுது.”

எழுதிவிட்டேன். நேற்று அக்கா ‘த’ வரிசையை முடித்தாள்.

இனி முடிவு என் பொறுப்பில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். காலையில் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு ‘ந’வில் உட்கார்ந்திருக்கிறாள். நிறையச் சொற்கள் பாக்கி இருக்கின்றன.