இட்லி மாவுக்குப் பக்கத்தில்

அன்று பெய்தது மழையா, வெறும் மூடுபனியா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மழை என்கிறாள் அக்கா அடைக்கலமேரி. எனக்கு ஜன்னல் கண்ணாடியின் வெள்ளை மட்டுமே நினைவிருக்கிறது. வேறு சிலவற்றையும் நான் முன்பின்னாகச் சொல்லக்கூடும். டாக்டர் ஆனந்த் பேசியதை மட்டும் மறக்கவில்லை.

அக்கா மகள் எப்சிபாவுக்கு அப்போது எட்டு வயது. ஓயாமல் பேசுகிறவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். பிறகு தூக்கம் போயிற்று, வாய் தானாகக் கோணியது, பெற்றவளையே அடித்தாள். பேத்துப்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே குழந்தை மருத்துவராக இருந்த பிரின்ஸி, சீசனுக்காக ஏரிக்கரை விடுதியில் தங்கியிருந்த மூளை நோய் ஆராய்ச்சியாளர் ஆனந்தை அழைத்துவந்தார்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற நோய் என்று ஆனந்த் பார்த்தவுடன் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையை நான் பிடுங்கப்போவதில்லை. அன்று வராந்தாவில் போன எல்லோரிடமும் அவரே அதைச் சொல்லிக்கொண்டார்.

"ஸ்டீராய்டு இப்பவே ஆரம்பிச்சிரலாமா சார்?" என்றார் பிரின்ஸி.

"அவசரப்படாதீங்க. மருந்து உள்ள போறதுக்கு முன்னாடி முதுகுத்தண்டு நீர் எடுக்கணும். என் ஆராய்ச்சிக்கு இந்த மாதிரி கேஸ் லேசுல கிடைக்காது. உறைய வைக்கிற பெட்டி மதுரையிலேருந்து கிளம்பிருச்சு. வந்ததும் எடுப்போம்."

"இப்பவே எடுத்து நம்ம ஃப்ரிட்ஜுல வைக்கலாமே சார்."

"எது, நர்ஸுங்க இட்லி மாவு வைக்கிற ஃப்ரிட்ஜா?"

சிரித்துவிட்டு, தன் சிரிப்புக்குத் துணை தேடி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அது மே மாதத்துச் சனிக்கிழமை. வத்தலக்குண்டிலிருந்து அன்று எந்த வண்டி எப்படி ஏறும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். மூளைக்குள் ஓடும் பாதையெல்லாம் தெரிந்தவருக்கு இந்த ஒரு பாதை தெரியவில்லை. பெட்டி வந்த வண்டி மலைப்பாதையில் அருவிக்குக் கீழே, குரங்குகளைப் படமெடுப்பவர்களின் கார்களுக்குப் பின்னால் நின்றது. அவர் டீ குடித்தபடி, அறிவியலுக்குப் பொறுமைதான் முதல் தேவை என்று எங்களுக்கு விளக்கினார். அப்போதுதான் எப்சிபாவுக்கு வலிப்பு வந்தது. பிரின்ஸி ஊசி போட்டு அடக்கினார். ஆனந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான். வந்துரும்."

கட்டிலோரம் இருந்த அக்கா எழுந்தாள்.

"ஏங்க, ஒங்க பெட்டி வர்ற வரைக்கும் எம் புள்ள இப்பிடியே கெடக்கணுமா?"

"அம்மா, இது உலகத்துல உள்ள எல்லாப் பிள்ளைங்களுக்காகவும் செய்றது."

"அந்தப் புள்ளைகளுக்கெல்லாம் அவுக அம்மா இருப்பாக. டாக்டரம்மா, நீங்க வெரசா மருந்தப் போடுங்க."

பிரின்ஸி ஆனந்த் பக்கம் திரும்பவே இல்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்தார், நர்ஸ் ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்தை ஒதுக்கி, நீர் அடைத்த கண்ணாடிக் குழாயை உள்ளே வைத்தாள், மருந்து சொட்டத் தொடங்கியது. "வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு ஆனந்த் விடுதிக்குப் போனார்.

பெட்டி சாயங்காலம் வந்தது. உள்ளே இருந்த உலர் பனிக்கட்டி முழுக்க ஆவியாகிப் போயிருந்தது.

மறுநாள் காலையில் அவர் வந்து, மிகத் தாழ்ந்த குரலில் அந்தக் குழாயைக் கேட்டார்.

"மாவுக்குப் பக்கத்துல இருக்கு சார். கொட்டிராம எடுங்க" என்றார் பிரின்ஸி.

ஆனந்துக்கு அந்த ஆராய்ச்சிக்காக விருது கிடைத்தது. மாதிரிகள் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் பாதுகாக்கப்பட்டவை என்று மேடையில் சொன்னாராம். பிரின்ஸி இப்போது அய்யம்பாளையத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். அக்கா கேரட் தோட்டத்து வேலைக்குப் போகிறாள். எப்சிபாவுக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இடது கை இன்னும் லேசாக நடுங்குகிறது.