இயக்குநரின் அமரில்லிஸ்

இரண்டு மாதச் சுற்றுப்பயணம் கிளம்பிய இயக்குநர், அலுவலகத்தைத் துணை இயக்குநரிடம் ஒப்படைக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். தன் அமரில்லிஸ் பூச்செடியின் கிழங்கைத் தற்காலிக எழுத்தரிடம் ஒப்படைக்க ஒன்றரை மணி நேரம்.

"பூ வெள்ளைன்னா சாதாரண வெள்ளை இல்லப்பா, பால் வெள்ளை. நான் வந்ததும் வாரியத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டணும்."

கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒரே டம்ளர் தண்ணீர், அதுவும் ஓரமாக. தொட்டியை இரண்டு நாளுக்கொரு முறை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவைக்க வேண்டும். இப்படிப் பதினேழு விதிகள், தட்டச்சு செய்த நான்கு பக்கங்களில். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். எழுத்தரை நிரந்தரமாக்கும் கோப்பு அதே மேசையில் நாலு வருடமாகப் படுத்திருந்தது. அதை ஒரு தட்டுத் தட்டி, "வந்து பார்க்கலாம்" என்றார்.

அடுத்தவர் வீட்டுக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலத் தொட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு, எழுத்தர் பேருந்தில் வீடு வந்து சேர்ந்தார். ஜன்னலோர நாற்காலியைக் காலி செய்து அதில் வைத்தார்.

"எங்கப்பாவுக்கே இந்த இடத்தைத் தரமாட்டேன்னீங்க" என்றாள் மனைவி.

அவர்களோடு தங்கியிருந்த அந்த அப்பா, குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருடம் வால்வு திறந்து மூடியவர். பதவியில் இருந்தவரை ஊருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டவர், ஓய்வு பெற்றதும் தாராளமாகிவிட்டார். பன்னிரண்டாம் நாள் காலை எழுத்தர் கிழங்கை லேசாக அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே வந்தபோது கூடவே ஒரு நாற்றமும் வந்தது.

"மாமா, இதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"பின்ன? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. தினம் ஒரு சொம்பு குடுத்தேன். குத்தமா மாப்பிள்ளை?"

"அது வாய் இல்ல மாமா, கழுத்து."

"கழுத்தா இருந்தா என்ன? உள்ளதான போகும்?"

எழுத்தர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. மனைவிதான் தூக்கி நிறுத்தினாள். "வெங்காயம் மாதிரி இருக்கு. வேற ஒண்ணு வாங்கி நட்டுடுங்க. அவரென்ன இதுக்கு மச்சம் பார்த்தா வெச்சிருக்காரு?"

செடிக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கிழங்கு மிச்சமிருந்தது. உச்சியில் கிளிமூக்கு மாதிரி முளை எட்டிப் பார்த்தது.

"வெள்ளைதானே?"

"வெள்ளையாவும் இருக்கலாம், சிவப்பாவும் இருக்கலாம். மூட்டை கலந்துபோச்சு சார். பூத்தாத்தான் தெரியும்."

அன்றிலிருந்து எழுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. தண்டு நாளுக்கு ஒரு விரல்கடை வளர்ந்தது. எழுத்தர் அதே வேகத்தில் இளைத்தார். மொட்டின் உறையை நகத்தால் கொஞ்சம் நெம்பிப் பார்க்கலாமா என்று கையைக் கொண்டுபோவார். கிழிந்துவிட்டால்? கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

இயக்குநர் திரும்பியதும் எழுத்தர் தொட்டியை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அப்போதும் மொட்டு மூடியேதான் இருந்தது. இயக்குநர் தண்டைத் தடவிக்கொடுத்தார். "என்னைப் பிரிஞ்சு இளைச்சுட்டான். ஆனா பாரு, என் குரல் கேட்டதும் நிமிர்றான்." வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தலைவர் வருவதாக ஏற்பாடாயிற்று.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே கூப்பிட்டு அனுப்பினார் இயக்குநர். எழுத்தர் நுழைந்ததும் கதவைத் தாழிட்டார். மேசையில் மொட்டு வெடித்திருந்தது. பிளவுக்குள்ளிருந்து நாக்கு நீட்டியதுபோல ரத்தச் சிவப்பு.

எழுத்தர் கைகூப்பினார். "சார், நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்..."

"சத்தம் போடாதே." இயக்குநரின் நெற்றியெல்லாம் வியர்வை. "என்னை ஏமாத்திட்டான்பா கடைக்காரன். வெள்ளைன்னு சொல்லித்தான் குடுத்தான். எட்டு வருஷமா ஒரு தடவைகூடப் பூக்கல, வெறும் இலைதான். நான் வருஷா வருஷம் பூக்குது, பால் வெள்ளைன்னு தலைவர்கிட்ட அளந்து வெச்சிருக்கேன். இப்ப என் மானம் போகப்போகுது. ஆமா, நீ என்னமோ சொல்ல வந்தியே?"

எழுத்தர் மேசைமேலிருந்த கோப்பைப் பார்த்தார். தொண்டைவரை வந்ததை விழுங்கினார்.

"கத்தரிக்கோல் இருக்கான்னு கேக்க வந்தேன் சார்."

வெட்டிய தண்டு காலிக் குழாயாக இருந்தது. மொட்டை எழுத்தர் தன் சாப்பாட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டார். பதினொரு மணிக்குத் தலைவர் வந்து, "எங்கய்யா பூ?" என்றார்.

"நேத்துதான் வாடிச்சு சார். என்ன வெள்ளை! இவர்கூடப் பார்த்தார்."

"கண்ணு கூசிச்சு சார்" என்றார் எழுத்தர், குரல் பிசிறாமல்.

"அடடா" என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுத் தலைவர் போய்விட்டார்.

இயக்குநர் கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல், கீழே இன்னொரு வரியும் எழுதினார். "நிரந்தரம் ஆயிட்டே, பயப்படாதே. எல்லைக் கிளைக்குப் போட்டிருக்கேன். நாளைக்கே சேர்ந்துடு. அங்க பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது."

"சார், குடும்பம்..."

"கூட்டிட்டே போயிடு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா இதை எப்படியும் அவங்ககிட்ட சொல்லத்தானே போறே?"

யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் சார் என்று சத்தியம் செய்யத்தான் எழுத்தர் வாயைத் திறந்தார். இயக்குநர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் எவ்வளவு அழகாகப் பொய் சொல்வார் என்பதைச் சற்று முன்புதான் அவர் கண்ணால் கண்டிருந்தார்.