வழிந்த ஈரம்

நூலின் நுனி நனையவில்லை, உதடுகளுக்கிடையில் வைத்து இழுத்தபோதும் அது பிரி பிரியாகவே வெளியே வந்தது, முப்பது வருஷமாகச் சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் கோமதிநாயகம் மூன்றாவது தடவையும் தோற்றார், இங்க குடுங்க என்று மனைவி உலகம்மாள் வாங்கினாள், நாக்கில் ஒரு தொடல், நுனி கூர்ந்து ஊசிக்குள் போய்விட்டது, அவருக்கு நன்றி வரவில்லை, அந்த நாக்கின் மேல் பொறாமை வந்தது.

தொண்டையில் வந்த கட்டிக்கு மதுரையில் முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு, முகத்தில் வலைபோல ஒரு மூடியைப் பூட்டி மேஜையோடு அசையாமல் கிடத்துவார்கள், கட்டி கரைஞ்சிருச்சு என்று டாக்டர் சிரித்தார், எச்சில் சுரப்பியிலயும் கதிர் பட்டிருக்கு, வாய் வறண்டுதான் இருக்கும், திரும்ப ஊறுமா சார், கொஞ்சம் ஊறலாம், ஊறாமலும் போகலாம், உயிர் பிழைச்சதே பெருசு என்று ஊரே சொன்னது, அவரும் சொல்லிக்கொண்டார், ஆனால் ஒவ்வொரு கவளம் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது, பேசும்போதே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, மத்தியானம் கண்ணயர்ந்தால் கனவில் மட்டும் வாய் நிறைய ஊறுகிறது, கல்யாணமான புதிது, பஸ் ஸ்டாண்டில் நின்று இருவரும் ஒரே பொட்டலத்தில் காரச்சேவு தின்கிறார்கள், உறைக்குது உறைக்குது என்று அவள் காற்றை உறிஞ்சுகிறாள், இவருக்கு நாக்கடியில் சுரந்து சுரந்து, விழித்தால் வாய் சுட்ட ஓடு, பக்கத்தில் அவள் அயர்ந்து தூங்குகிறாள், கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணையில் வட்டமாக ஈரம், எனக்கு ஒரு சொட்டு இல்லாதது இவளுக்கு வழிந்து வீணாகிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து சீக்கிரமே வந்தவருக்கு அடுப்படியில் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது, கதவுக்குப் பின்னால் உலகம்மாள், கையில் சேவுப் பொட்டலம், அவரைக் கண்டதும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது, எத்தனை நாளா இப்பிடி ஒளிஞ்சு திங்கிற என்று அவர் பொட்டலத்தைப் பிடுங்கி ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றார், சேவு மணலாயிற்று, முள்ளாயிற்று, காரம் வாய்ப்புண்ணில் நெருப்பாகப் பற்ற விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண் பிதுங்கி நின்றவரை அவள் தொட்டிக்கு இழுத்துப்போய் வாயில் தண்ணீர் ஊற்றி, விரலை விட்டு வழித்தெடுத்தாள், அழுதாள், நீங்க பாக்கையில எப்பிடிங்க திங்கிறது, இனிமே இந்த வீட்டுக்குள்ள சேவே வராது.

வரணும், என்றார், குரல் கரகரத்தது, ஒளிக்காம என் முன்னாடி உக்காந்து தின்னு, உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா, வயித்தெரிச்சலாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகுது, நீ ஒளிஞ்சு திங்கிறதுதான் எனக்குத் தாங்கல.

அவள் தரையில் உட்கார்ந்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு சேவை எடுத்துக் கடித்தாள், அவர் எதிரே உட்கார்ந்து அந்தத் தாடை அசைவதையும் உதட்டோரம் மினுங்குவதையும் பொறாமையோடு, கண்ணெடுக்காமல் பார்த்தார், அவள் விழுங்கினாள், ஒன்றுமில்லாத அவர் தொண்டையும் ஒருமுறை ஏறி இறங்கியது, இன்னொண்ணு, என்றார்.