நாலு வட்டம்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் காசு மேசை ஜௌபருடையது, அடுப்படி அவனுடைய மதினி றஷீனாவுடையது. அண்ணன் மவுத்தான பிறகு கடையைத் தாங்கியது இவர்கள் இருவரும்தான். ஆனால் ரொட்டி என்று வந்தால் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

மற்றக் கடைகளில் ஒரு கல்லில் ஆறு ரொட்டி சுடுவார்கள். றஷீனா அதே அளவுக் கல்லில் நாலுதான் சுடுவாள். விலை மட்டும் ஒன்றே.

“கையைக் கொஞ்சம் சுருக்குங்க மதினி! மா விக்கிற விலை தெரியாதா?”

“மடுல்சீமையில இருந்து விடியக்காலம் பஸ் ஏறி வர்ற சனம், தம்பி. பசியோட திருப்பி அனுப்பவா கடை வச்சிருக்கோம்?”

அவள் ஊதாரி அல்ல. துருவிய தேங்காயின் சிரட்டைகூட அவளுக்கு விறகுதான். ரொட்டியில் மட்டும் கைவைக்க விடமாட்டாள். பொறுக்க முடியாமல் ஜௌபர் போன மாதம் சின்னதாய் ஒரு புதுக் கல் வாங்கி வந்து, பழையதை எறியச் சொன்னான். புதுக் கல் மூலையில் கிடந்தது.

அப்போதுதான் விற்பனவு வரி அதிகாரி குமாரசிங்கம் வந்தார். மா வாங்கிய பற்றுச்சீட்டுகளை எண்ணி, கட்டவேண்டிய தொகை ஒன்றை எழுதினார்.

“இவ்வளவு மாவுக்கு நீர் கணக்கிலை காட்டினது மூண்டில ரெண்டு பங்கு ரொட்டிதான். மிச்சம் எங்கை?”

ஜௌபர் காசு மேசையை விட்டு எழுந்தான். விற்காத ரொட்டிக்கு வரியும் தண்டமும் கட்டினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

“எங்க ரொட்டி பெருசுங்க ஐயா.”

“இண்டைக்கு எனக்காகப் பெரிசாச் சுட்டிருக்கலாம்தானே?”

திரைக்குப் பின்னாலிருந்து றஷீனாவின் குரல் வந்தது.

“ஐயாவை உள்ள கூட்டிட்டு வாங்க தம்பி. கல்லைப் பார்க்கட்டும்.”

அவள் ரொட்டிகளை எடுத்துவிட்டுக் கல்லைத் துணியால் துடைத்தாள். கரியேறிய இரும்பில் வெளுத்த வட்டங்கள் நாலு. வருடக்கணக்காக ஒரே இடத்தில் ரொட்டி விழுந்த தழும்பு. குமாரசிங்கம் ஒரு ரொட்டியை எடுத்து வட்டத்தில் வைத்தார். இம்மி பிசகவில்லை.

“இது ஒரு நாளிலை விழுற அடையாளம் இல்லை,” என்றவர், தாம் எழுதிய தொகையைக் குறுக்கே வெட்டினார்.

அவர் போனதும் ஜௌபர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். இதையா எறியச் சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு மனுஷி அடுப்படியில் இருக்கும்வரை கடைக்குக் குறைவில்லை என்றும் இருந்தது.

“அந்தப் புதுக் கல்லை என்ன செய்ய மதினி?”

“மா பீப்பாவுக்கு மூடியாப் போடுங்க,” என்றாள் றஷீனா, அடுத்த நாலு ரொட்டியைத் தட்டியபடி. “எலி வராது. காசு குடுத்து வாங்கினதாச்சே.”