தாம்பாளத்தில் வந்த மாதா

லெனாட் தன் போட்டுக்கு வைத்த பெயர் ‘கடல்ராணி’. பக்கவாட்டில் சிவப்பு மையால் பெரிதாக எழுதியும் வைத்திருந்தான். ஆனால் குருநகரில் ஒரு குஞ்சு குருமானும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது ‘தாம்பாளம்’தான். சொன்னவர்கள் மேல் கோபிக்கவும் முடியாது. அடி அவ்வளவு தட்டை.

தெற்கே ஏதோ ஓர் ஆற்றங்கரை ஹோட்டலில், காலில் பலகை கட்டிக்கொண்டு தண்ணீரில் வழுக்கி விளையாடும் வெள்ளைக்காரரைக் கயிற்றில் இழுப்பதற்காக வைத்திருந்த போட் அது. முப்பது வருஷப் பழசு. ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் கண்டறியாதது. ஆழமில்லாத பரவைக் கடல் அசையாமல் கிடக்கும் காலை வேளையில் அதை மிஞ்ச இந்தக் கரையில் ஒரு வள்ளம் கிடையாது. எஞ்சினை முறுக்கினால் தண்ணீரில் பட்டும் படாமலும் பறக்கும். கனடாவிலிருந்து வந்து காசு கொடுத்துச் சவாரி ஏறும் பிள்ளைகள் கூச்சல் போட்டுப் படம் பிடிப்பார்கள்.

அலை ஒரு முழம் எழும்பினால் கதை மாறிவிடும். கூரான அடியுள்ள வள்ளம் அலையை வெட்டிக்கொண்டு போகும். தட்டையான அடி அப்படியில்லை, அலையின் தலையில் ஏறி அடுத்த பள்ளத்தில் டமாரென்று விழும். விழுகிற அடியெல்லாம் உள்ளே இருப்பவரின் இடுப்பில், நாரி எலும்பில்தான் இறங்கும். லெனாட்டுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். காற்று எழும்ப முன்னர் சவாரியை முடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிடுவான். கேட்டால், வெயில் கூடிப்போச்சு என்பான்.

போட் எப்படியோ போகட்டும், அதை வாங்குவதற்கு அவன் மாமனார் செபநாயகத்தின் வள்ளத்தை விற்றதுதான் வில்லங்கமாகிப் போனது. அவர் கண்ணை மூடும்வரை தொழிலுக்குப் போன வள்ளம். சீதனமாக எழுதிக் கொடுத்தது, விற்க அவனுக்கு உரிமை உண்டு. மனைவி றெஜினாவும் ஓமென்றுதான் சொன்னாள். மாமி லூர்த்தம்மாவிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு வாயை மூடியவர்தான், மருமகனோடு கதைத்து மூன்று வருஷமாகிறது. ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே அடுப்பு. ஏதாவது சொல்லவேண்டி வந்தால், அவன் பக்கத்தில் நின்றாலும், “றெஜினா, உன்ரை மனிசனிட்டைச் சொல்லு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். திட்டினால்கூடத் தாங்கலாம், இதை லெனாட்டால் தாங்க முடியவில்லை. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவனுக்குச் செபநாயகம் தகப்பனாயிருந்தார். அவருடைய வீட்டிலேயே இப்போது வேற்றாளாக நடமாட வேண்டியிருந்தது.

அதனால்தான் இந்த ஆவணிப் பெருநாளுக்கு மாதாவைத் தன் போட்டில் ஏற்ற வேண்டுமென்று கோயில் மூப்பர் அடைக்கலநாதனிடம் நடையாய் நடந்தான். பெருநாளுக்கு முதல்நாள் காலையில் மாதாவின் சுரூபத்தைக் கடல்வழியே கொழும்புத்துறைக்குக் கொண்டுபோய், அங்கே பூசை முடித்துத் திரும்பக் கொண்டுவருவது அவர்களுடைய கோயில் வழக்கம். ஏற்றிப்போகும் பேறு வருஷத்துக்கு ஒரு வீட்டுக்குக் கிடைக்கும். அந்த வீட்டின் மூத்த பெண் மாதாவோடு கூடப் போயே ஆகவேண்டும். லெனாட்டின் வீட்டுக்கு மூத்த பெண் லூர்த்தம்மா. மாதா ஏறினால் மாமியும் ஏறத்தான் வேண்டும். ஏறி ஒருதரம் போய்வந்துவிட்டால், இதுவும் ஒரு போட்தான் என்று அவருடைய மனம் இளகும். அவன் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

“மாதாவைத் தாம்பாளத்திலை வைச்சு விளையாடாதை மச்சான்” என்றான் சந்தியோகு. றெஜினாவின் தமையன், பெரிய வள்ளம் வைத்துத் தொழில் செய்பவன்.

“காலமை கடல் படுத்துத்தானே கிடக்கும்” என்றான் லெனாட்.

காலையில் கடல் படுத்துத்தான் கிடந்தது. மாதாவை முன்பக்கம், அணியத்தில் நிறுத்தினார்கள். மாதாவுக்கு முன்னால் ஒருவரும் இருக்கக் கூடாது, அவவுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது முறை. ஆகவே சுரூபம் தூக்கும் நான்கு பேரும், மூப்பரும், றெஜினாவும், லூர்த்தம்மாவும் பின்னால் நெருக்கி இருந்தார்கள். நடுவில் சுக்கானைப் பிடித்தபடி லெனாட். லூர்த்தம்மா பட்டுச்சேலைக்கு மேல் செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற் போட்டு, செபமாலையைக் கையில் சுற்றி, ஏதோ தண்டனைக்குப் போகிறவர் மாதிரி ஏறினார். போட் வழுக்கிக்கொண்டு போனது. கூட வந்த வள்ளங்கள் எல்லாம் பின்னுக்கு நின்றுவிட்டன. மூப்பரே, “பிழையில்லை” என்றார். மாமி முகத்தைச் சுளிக்கவில்லை. லெனாட்டுக்கு அது போதுமாயிருந்தது.

கொழும்புத்துறையில் பூசைக்கு வந்த சுவாமி பிரசங்கத்தை இழுத்து இழுத்துச் செய்தார். பிறகு அந்த ஊர்ச் சனம் சாப்பிடாமல் விடமாட்டோமென்று பிடித்துக்கொண்டது. நண்டுக்கறி ஆறியபோது பனைகள் எல்லாம் ஒருபக்கம் சாய்ந்து இரைய ஆரம்பித்திருந்தன. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டது. திரும்பிப் போகிற வழி முழுக்க எதிர்காற்று.

இந்தக் காற்று தன் போட்டுக்கு ஆகாது என்று லெனாட்டுக்குத் தெரியும். இருந்தும் அத்தனை சனம் பார்த்து நிற்க, காலையில் பறந்த போட்டை மாலையில் உருட்டிக்கொண்டு போக அவனுக்கு மனம் வரவில்லை. வேகமாய்ப் போனால் அலைத்தலைகளைத் தொட்டுத் தொட்டுத் தாண்டிவிடலாம் என்று நினைத்து எஞ்சினை முறுக்கினான். அது விசர் வேலை. பாரம் முழுக்கப் பின்னால். போட்டின் மூக்குத் தூக்கி நின்றது. முதல் அலையில் தூக்கி அடித்தது, இரண்டாவதில் பல்லோடு பல் மோதியது. அதற்கடுத்த அடியில் மாதாவின் கிரீடம் சரிந்து காதோரம் தொங்கியது. சுரூபம் தூக்க வந்த நான்கு பேரும் குலுங்கிப்போய் மண்டியிட்டார்கள்.

“மாதாவே!” என்று யாரோ அலறினார்கள்.

லெனாட் பயந்துபோய் எஞ்சின் வேகத்தை ஒரேயடியாக இறக்கினான். அது அடுத்த பிழை. போட் சடாரென்று நின்றது, பின்னால் துரத்தி வந்த அதன் சொந்த அலை நிற்கவில்லை. பதிந்த பின்பக்கத்தால் ஏறி உள்ளே விழுந்து எல்லாரையும் கணுக்கால்வரை நனைத்தது.

பாசையூருக்கு நேரே, கரையிலிருந்து தள்ளி நின்றார்கள். சந்தியோகுவின் வள்ளம் கிட்டே வந்தது.

“மச்சான், மாதாவை இஞ்சாலை தா.”

“ஓம் தம்பி, அதுதான் நல்லது. குடுத்துவிடுவம்” என்றார் மூப்பர்.

கொடுத்தால் என்னவாகும் என்பது லெனாட்டுக்குத் தெரியும். மாதாவே இறங்கிப்போன போட் என்று ஊர் சொல்லும். மாமி இனிச் சுவரைப் பார்த்துக்கூடப் பேசமாட்டார். கொடுக்காமல் போய் மாதா விழுந்தால் அவன் ஊரிலேயே இருக்க ஏலாது. மூன்று வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னான்.

“இது அலைக்குச் சரிவராத போட், மூப்பர். எனக்குத் தெரியும். ஆனா மெல்லப் போனால் போகும். பாரம் பின்னுக்குக் கிடக்கிறதாலைதான் மூக்குத் தூக்கித் தூக்கி அடிக்குது. முன்னுக்குக் கொஞ்சம் கூர் இருக்கு, அது தண்ணிக்கை இருந்தால் அலையை வெட்டும். சனம் முழுக்க முன்னுக்கு வரோணும். மாதாவைப் பின்னுக்கு, எஞ்சினடியிலை கட்டோணும். அங்கைதான் குலுக்கம் குறைவு.”

“என்ன கதை கதைக்கிறாய்?” மூப்பருக்கு முகம் சிவந்தது. “மாதாவை எண்ணெய் மணத்துக்கை வைச்சிட்டு, நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னுக்கு இருக்கிறதோ?”

இரண்டு படகுகளும் முட்டுவதும் விலகுவதுமாய் ஆடின. லூர்த்தம்மா அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“றெஜினா, உன்ரை மனிசனிட்டைக் கேள். முன்னுக்கு இருக்கிற ஆள் எந்தப் பக்கம் பாத்து இருந்தாலும் பாரம் பாரம்தானே?”

“ஓம் எண்டு சொல்லு” என்றான் லெனாட்.

“அப்ப நான் அவவைப் பாத்துக்கொண்டே முன்னுக்கு இருக்கிறன். முதுகைக் கடலுக்குக் காட்டுறன். அதுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு? உந்த ஆட்டத்துக்கை போட்டிலையிருந்து வள்ளத்துக்குத் தூக்கினால் அவ நேரே தண்ணிக்கைதான்.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தவழாத குறையாக அணியத்துக்குப் போய், கடலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். ஆளும் நல்ல கனம். போட்டின் மூக்கு உடனே பதிந்தது. அதற்குமேல் மூப்பர் என்ன சொல்ல முடியும்? நால்வரும் மாதாவைப் பின்னால் கொண்டுவந்து, தங்கள் சால்வைகளால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். றெஜினா அவவின் காலடியில் இருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்ற எல்லாரும் லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில், பின்னோக்கிப் பார்த்தபடி இருந்தார்கள். மாதாவுக்கு முதுகு காட்டியவன் லெனாட் ஒருவன்தான். சுக்கான் பிடிப்பவன் முன்னால் பார்க்காமல் எப்படி?

மெல்லப் புறப்பட்டான். அலைக்கு நேரே மூக்கைக் கொடுக்கவில்லை, விலாவையும் காட்டவில்லை. சற்றுச் சரித்து ஏறினான். தலைக்கு வருமுன் வேகத்தை இறக்கி, இறங்கும்போது கொஞ்சம் கொடுத்தான். அடி விழத்தான் செய்தது, ஆனால் எலும்பு கழலும் அடியில்லை. ஒவ்வொரு அலையும் முன்னால் இருந்தவர்களின் முதுகில் உடைந்து கொட்டியது. மூப்பரின் வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்டியது. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. சந்தியோகு மட்டும் பக்கத்தில் வந்தான்.

பின்னால் மாதா நிற்கிறாவா, சரிந்தாவா? எஞ்சின் சத்தத்தில் றெஜினாவின் குரல் கேட்காது. ஒரு கணம் திரும்பினாலும் அலை விலாவில் அடித்துவிடும். லெனாட்டுக்கு இருந்த ஒரே வழி முன்னால் இருந்த முகங்கள். அதிலும் நேரே எதிரில் இருந்தது மாமியின் முகம். மூன்று வருஷமாக அவன் நேருக்கு நேர் பாராத முகம். உதடு செபத்தில் அசைந்துகொண்டிருந்தது. அந்த உதடு அசையும் மட்டும் மாதாவுக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டான். நடுவழியில் ஒரு பெரிய அலை எழும்பி வந்தபோது செபம் நின்று, மாமியின் கண் விரிந்தது. முடிஞ்சுது, மாதா விழுந்திட்டா என்று லெனாட்டின் உடம்பு குளிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அலையில் ஏறி இறங்கினான். உதடு மறுபடி அசைந்தது. அவனுக்கும் மூச்சு வந்தது.

இறங்குதுறையில் சனம் பொழுதுபடக் காத்து நின்றது. இந்தத் தடவை அவன் அவசரப்படவில்லை. தன் அலை தன்னைத் தாண்டிப் போகும்வரை வேகத்தைச் சிறிது சிறிதாக இறக்கி அணைத்தான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். மாதா நின்றா. கிரீடம்கூட நேராக இருந்தது, றெஜினா எப்போதோ சரிசெய்திருக்கிறாள். நால்வரும் கட்டவிழ்த்துத் தூக்கிப்போனார்கள், மூப்பர் ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

லூர்த்தம்மா கடைசியாக எழும்பினார். தலையிலிருந்து கால்வரை உப்புத்தண்ணீர். லெனாட் கையை நீட்டினான். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். அவனுக்குப் பேசாமலிருக்க முடியவில்லை.

“உங்கடை முகத்தைப் பாத்துத்தான் மாமி ஓட்டினனான். நீங்கள் மாதாவைப் பாத்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தபடியால்தான், அவ நல்லா நிக்கிறா எண்டு தெரிஞ்சுது.”

லூர்த்தம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்தார். றெஜினாவைத் தேடவில்லை, சுவரையும் தேடவில்லை.

“நான் மாதாவைப் பாக்கேல்லைத் தம்பி. அலை எனக்குப் பின்னாலை. என்ன வருகுது, ஏது வருகுதெண்டு உம்மடை முகத்திலைதான் பாத்தனான். நீர் பயப்பிடாமல் நிண்டீர், நானும் பயப்பிடேல்லை.”

“ஐயோ மாமி, நான் பயந்து செத்துப்போனன்.”

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மாமியின் முகத்தில் வழிந்தது கடல் தண்ணீர்தானா என்று லெனாட்டால் சொல்ல முடியவில்லை.

“உம்மடை மாமாவும் உப்பிடித்தான்” என்றார். “ஒருநாளும் முகத்திலை காட்டமாட்டார்.”