காலி லிஃப்ட் மேலேதான் போகும்

அண்ணனின் கைகள் காற்றில் வேலை செய்துகொண்டிருந்தன. இடது கை எதையோ அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை ஒரு கால் சுற்று திருப்பியது, நின்றது, மறுபடி கால் சுற்று திருப்பியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தம்பிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. லிஃப்ட் மோட்டாரின் பிரேக்கை இறுக்குகிறான். அதை ஒரே மூச்சில் இறுக்கினால் ஒரு பக்கம் மட்டும் கடிக்கும். கொஞ்சம் திருப்பி, இடைவெளி பார்த்து, பிறகு மறுபக்கம் போக வேண்டும். அண்ணன் அதைத்தான் செய்தான், துளி பிசகாமல்.

"காலையில போர்வையில நூல் பிரிச்சிட்டிருந்தார், இப்போ இது," என்றாள் நர்ஸ். "என்னதான் பண்றார்?"

"பிரேக் டைட் பண்றான் சிஸ்டர். லிஃப்ட் மெக்கானிக் நாங்க."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் வியர்வை. "மேடம், தள்ளி நில்லுங்க. ஷாஃப்ட் திறந்து கிடக்கு. விழுந்தா தூக்க முடியாது, அள்ளத்தான் முடியும்."

"அள்ளுற அளவுக்கு நான் ஒண்ணும் லேசா இல்லைங்க," என்று சிரித்துக்கொண்டே அவள் நிஜமாகவே ஓரடி பின்னால் போனாள். மானிட்டரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

மூன்று நாள் முன்பு லிஃப்டின் கேபின் மேலே நின்று வேலை பார்த்தபோது அண்ணன் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கேட்டார்கள், குடிப்பாரா என்று. அண்ணி தரையைப் பார்த்தாள். தம்பிதான் பதில் சொன்னான்: "எப்பவாவது. ஏதாவது விசேஷம்னா கொஞ்சம்."

குடிகாரன் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் அண்ணனை மறுபடி லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் விட மாட்டார்கள். அதற்காகத்தான் சொன்னான். உண்மை வேறு. அண்ணன் குடித்தால் தள்ளாட மாட்டான், குடிக்காவிட்டால்தான் தள்ளாடுவான். காலையில் கண் விழித்ததும் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் அவன் விரல்களில் ஸ்குரூ டிரைவர் நிற்கும். சாராயத்தை வாங்கி டூல் பைக்குள் துணி சுற்றி வைப்பதே தம்பிதான்.

டாக்டரம்மா வந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். தம்பியையும் அண்ணியையும் வெளியே அழைத்தார்.

"இப்பவாவது சொல்லுங்க. எவ்வளவு குடிப்பார்?"

"சொல்லிடுங்க தம்பி," என்றாள் அண்ணி.

சொன்னான். டாக்டரம்மா திட்டவில்லை. நர்ஸிடம் இரண்டு ஊசிகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டு, நிதானமாக விளக்கினார்.

"சாராயம் மூளையை அழுத்துற ஒரு பாரம். வருஷக்கணக்கா அழுத்தினா, மூளை முழிச்சிருக்கணுமே, அதுக்காக எதிர்ப்பக்கம் தானும் பாரம் ஏத்திக்கும். இப்போ இந்தப் பக்கத்துப் பாரத்தைத் திடீர்னு எடுத்துட்டா..."

"மேல போயிடும்," என்றான் தம்பி.

பிரேக் போனால் லிஃப்ட் கீழே விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கேபினுக்கு எதிரே கம்பி வடத்தின் மறுமுனையில் ஒரு இரும்புப் பாரம் தொங்குகிறது. காலி கேபினைவிட அது கனமானது. ஆளில்லாத லிஃப்டில் பிரேக் விட்டால் அந்தப் பாரம் இறங்கும், கேபின் மேலே பறக்கும், கூரையில் போய் மோதும்வரை. அண்ணன் இப்போது அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான்.

"சாராயத்தோட இடத்துல ஒரு மருந்தை வச்சு மெதுவா இறக்குவோம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நடுக்கம் வரதுக்குள்ள தொடங்கியிருக்கலாம்." டாக்டரம்மா அண்ணன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பயமே வேற. சர்க்கரையை எரிக்க மூளைக்கு ஒரு வைட்டமின் வேணும். குடிக்கிறவங்களுக்கு அது வத்திப் போயிருக்கும். அதைப் போட்டுட்டுத்தான் குளுக்கோஸ் ஏத்தணும். குடிப்பார்னு தெரியாம நாங்க வெறும் குளுக்கோஸ் ஏத்திட்டோம். கண்ணு ஆடுது, பார்த்தீங்களா?"

பார்த்திருந்தான். அண்ணன் ஷாஃப்டுக்குள் ஏறி இறங்கும் பெட்டியைத்தான் பார்க்கிறான் என்று நினைத்திருந்தான்.

அதற்கப்புறம் ஊசி, மூச்சைக் கவனிப்பது, மறுபடி ஊசி. டியூபைப் பிடுங்காமலிருக்கக் கைகளை மெத்தென்ற துணியால் கட்டினார்கள். நர்ஸ் அடிக்கடி அவிழ்த்து மணிக்கட்டைப் பார்த்தாள். "அவர் பார்க்கிறதை ஆமான்னும் சொல்லாதீங்க, சண்டையும் போடாதீங்க. எங்க இருக்கார்னு மட்டும் சொல்லுங்க," என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"பவர் ஆஃப் பண்ணிட்டியாடா?"

"இது ஆஸ்பத்திரிண்ணா. காலு உடைஞ்சிருக்கு. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறியது, பிறகு இறங்கியது. ஒருநாள் காலையில் அண்ணனின் கைகள் போர்வைமேல் சும்மா கிடந்தன.

"வாடா," என்றான், தெளிவாக. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டை அவிழ்த்தார்கள்.

"அந்தப் புது பில்டிங்ல காலையில வேலை முடிச்சோமே, சாவியைக் குடுத்தியா?" என்று கேட்டான். அவர்கள் எந்தப் புது பில்டிங்குக்கும் போகவில்லை. டாக்டரம்மா மூன்று சொற்களைச் சொல்லி, நினைவில் வைக்கச் சொன்னார். சற்று நேரம் கழித்துக் கேட்டார்.

"நீங்க எப்போ வந்தீங்க?" என்றான் அண்ணன்.

வராந்தாவில் டாக்டரம்மா மறைக்கவில்லை. "வைட்டமினைத் தொடருவோம். ஞாபகம் கொஞ்சம் தேறலாம். பழைய ஆளா வருவார்னு நினைச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க."

அண்ணி காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். தம்பி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"புது பார்ட்டிகிட்ட கேபின்ல என்னென்ன போட்டிருக்கான்னு கேட்டியா?" அண்ணன் எந்த வேலையையும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவான். லிஃப்ட் வைப்பவர்கள் அழகுக்காகக் கேபினில் கல் தளம், கண்ணாடி எல்லாம் பதித்துவிட்டு வாயைத் திறக்க மாட்டார்கள். எதிர்ப்பாரக் கணக்கே தப்பிவிடும்.

"கேட்டேண்ணா."

"உண்மையச் சொன்னானா?"

"இல்லண்ணா. குறைச்சுச் சொல்லிட்டான்."

"அறிவுகெட்டவன்." அண்ணன் சிரித்தான், பழைய சிரிப்பு. "கேக்கிறவன் நல்லதுக்குத்தானே கேக்கிறான்?"

கதவு திறந்தது. அண்ணி தண்ணீரோடு வந்தாள்.

"அட, எப்போ வந்த?" என்று அவளைக் கேட்ட அண்ணன், பார்வையை ஸ்டூல் பக்கம் கொண்டுவந்தான். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடா. புது பார்ட்டிகிட்ட கேட்டியா?"