முளைப்பாரி வழக்கு

விருதுநகர் மாவட்டப் போலீஸ் மொத்தத்தையும் பூட்ஸைக் கழற்ற வைத்து, தலையில் முளைப்பாரிச் சட்டியை ஏற்றி, கண்மாய் வரை வரிசையாக நடக்க வைத்தவன் நான். தண்ணீர் பீய்ச்சும் வண்டிகூடப் பின்னாலேயே சைரனில் குலவை போட்டுக்கொண்டு வந்தது.

மொத்தம் என்றால் ஒன்பது பேர். வண்டி வரவில்லை, ரிப்பேராகி சாத்தூரில் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு டீக்கடையில் இதைச் சொல்லும்போது ஒன்பது நாற்பதாகும், கூட்டம் நன்றாக இருந்தால் நானூறாகும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம், கேட்பவர்களுக்கும்தான். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்தவர் ஒரே ஒருவர்: அன்றைக்கு எனக்கு இன்ஸ்பெக்டராக இருந்த காளீஸ்வரன்.

நான் அப்போது ஸ்டேஷன் ரைட்டர். புகார், வழக்கு, மகஜர் எல்லாம் என் கையால்தான் எழுத வேண்டும். ஆமத்தூருக்கு அந்தப்புறம் ஒரு கிராமம். ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவே போகும் சாலையை அகலப்படுத்தி, மத்தியில் இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனி வேனைப் பிடிக்கப் பெண்கள் தினமும் அந்தச் சுவரேறிக் குதித்தார்கள். ஒருத்தி லாரியில் அடிபட்டுச் செத்தாள். சுவரை உடைத்து வழி விடுங்கள் என்று மனு மேல் மனு, ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் பங்குனியில் மாவட்டத்தில் கூட்டம் கூடத் தடை இருந்தது. கல்யாணம், இழவு, கோயில் காரியத்துக்கு மட்டும் விலக்கு. முளைப்பாரி எடுக்க அனுமதி கேட்டார்கள்; கொடுத்தோம். சுவர் முடிகிற இடம் வரை ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும் என்பது நிபந்தனை. அவர்களோ நேரே வந்து சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். "வழி விடு" என்று ஒரு கோஷம், உடனே ஒரு குலவை. மறுபடி கோஷம், மறுபடி குலவை.

இது சாமி காரியமா, மறியலா? அன்று மாலை டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். சாமி பேரைச் சொல்லி மறியல் செய்கிறார்கள் என்றார் ஒருவர். மறியல் பேரைச் சொல்லி சாமியை மறிக்கிறீர்கள் என்றார் இன்னொருவர். முப்பத்தாறு வருஷம் நடுரோட்டில் லத்தியோடு நின்றவனுக்கு இந்தக் கேள்வி எப்போதோ அலுத்துவிட்டது.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கோயிலை விட்டுக் கிளம்பிய முளைப்பாரியைத் தண்ணீரில் சேர்க்கும்வரை தரையில் இறக்கக் கூடாது. காளீஸ்வரன் அது தெரியாமல் மைக்கில், "எல்லாரும் சட்டிய இறக்கி வச்சிட்டுப் பேசுங்க" என்றார். ஒருத்திகூட அசையவில்லை. ஒன்றரை மணி நேரம் போனது. தார் இளகிக் காலில் ஒட்டியது. திடீரென்று தங்கத்தாய் என்ற வயதான அம்மாள் தள்ளாடினார். தலையிலிருந்த சட்டி சரிந்தது. இன்ஸ்பெக்டர் ஒரே தாவாகத் தாவி அதைப் பிடித்தார். பிடித்ததை எங்கே வைப்பது? தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"சார், பூட்ஸு" என்றேன். அன்றைக்கு என் வீரம் அவ்வளவுதான்.

கழற்றினார். சோர்ந்துபோன இன்னும் எட்டுப் பெண்களிடமிருந்து எட்டுக் காவலர்கள் வாங்கிக்கொண்டார்கள். வெறுங்காலோடு அந்தச் சுற்றுவழி முழுக்க நடந்து கண்மாயில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒன்பது ஜோடி பூட்ஸுக்கு நான் காவல். சாலையில் வந்த வண்டிகளை அரைக் கிலோமீட்டர் தள்ளியே நிறுத்தியிருந்தோம். பெண்களின் கைகளோ சட்டியில். ஒரு படம்கூட யாரிடமும் இல்லை.

இருட்டுவதற்குள் மேலிருந்து போன். மறியல் என்று டிவியில் ஓடுகிறது, கேஸ் எங்கே? பழைய மறியல் வழக்கு ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றி அடித்தேன். 'சாலையின் குறுக்கே அமர்ந்து' என்ற வரி அப்படியே நின்றுவிட்டது. அலுப்பில் திரும்ப வாசிக்கவில்லை. காளீஸ்வரனும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பதினோரு பெண்கள் மேல் வழக்கு.

நாலு வருஷம் வாய்தா. சுவர் அப்படியே இருக்கிறது. பத்துப் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கத் தயாரானார்கள். முத்துச்செல்வி மட்டும் மாட்டேன் என்றாள். அவள் போலீஸ் தேர்வில் பாஸாகியிருந்தாள். தண்டனை விழுந்தால் அந்த வேலை கிடைக்காது. அவளுக்காக மற்றவர்களும் பொறுத்தார்கள்.

ஒரு நாள் டீக்கடைக்கே வந்துவிட்டாள்.

"சார், நீங்கதான எழுதுனீக. கோர்ட்டுல நடந்தத நடந்தபடி சொல்லுங்க."

"எங்க கூட்டத்துலயா சேரப் போற? நாளைக்கு நீயும் இதே சுவருகிட்ட நின்னு மறிக்கணுமே தாயி."

"மறிப்பேன். தலையில என்ன வச்சிருக்காகன்னு பாத்துட்டு மறிப்பேன்."

"அன்னைக்கு நீங்க வந்தது சாமிக்கா, சுவருக்கா? எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு."

"ரெண்டுக்குந்தான். எங்க எல்லாருக்கும் ஒண்ணா லீவு கெடைக்கிறது அந்த ஒரு நாளுதான் சார்."

"வாரேன், போ" என்றேன்.

"நானூறு பேருன்னு மட்டும் சொல்லிப்புடாதீக."

நான் அரசுத் தரப்பு சாட்சி. கூண்டில் ஏறி, யாரும் உட்காரவில்லை, காவலர்களே சுமந்தார்கள் என்றேன். அரசு வக்கீல் முகம் சுருங்கியது. "எத்தனை காவலர்கள்?" என்று கேட்டார். நாலு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"நாப்பது."

"டீக்கடையில் நானூறு என்கிறீர்களாமே?"

கோர்ட்டே சிரித்தது. "ஒம்பதுங்கய்யா, ஒம்பது" என்றேன். யார் காதிலும் விழவில்லை. பிறழ் சாட்சி என்று எழுதி இறக்கிவிட்டார்கள். முத்துச்செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. என் வாய் எனக்கே கசந்தது அன்றைக்குத்தான்.

கடைசி சாட்சி காளீஸ்வரன். வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்தார், தூக்கமில்லாத முகம். முளைப்பாரியைப் போலீஸ் சுமந்ததா என்று கேட்டதற்கு, "இல்லை. ரைட்டர் தங்கப்பாண்டியன் சொல்வது கட்டுக்கதை" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

பெண்களின் வக்கீல் பிரீத்திகா எழுந்தார். சின்னப் பெண், மெல்லிய குரல்.

"அப்ப இவங்க ரோட்டுல உக்காந்தாங்க?"

"ஆமா. எஃப்.ஐ.ஆர்ல இருக்கு."

"தலையில முளைப்பாரியோடயா?"

அவர் எஃப்.ஐ.ஆர் நகலைப் புரட்டினார்.

"அப்படின்னா, முளைப்பாரியத் தரையில இறக்கி வச்சிட்டு உக்காந்திருக்காங்க. ஆமான்னு சொல்லுங்க சார், பதிவாகட்டும்."

தங்கத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அய்யா, என்னைய செயிலுக்குக்கூட அனுப்புங்க. தரையில வச்சேன்னு மட்டும் சொல்லிராதீக. ஒம்பது நா பட்டினி கெடந்து வளத்தது."

உட்காரச் சொன்னார் நடுவர். தங்கத்தாய் உட்காரவில்லை.

காளீஸ்வரன் வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் குடும்பம். மழைக்காக முளைப்பாரி போடும் வீடு. பெண்கள் உட்கார்ந்தார்கள் என்று அவர் ஆயிரம் முறை சலிக்காமல் சொல்வார். அதையெல்லாம் டைப் அடித்தவனே நான்தானே. ஆனால் இந்த ஒரு 'ஆமா'வை அவரால் சொல்ல முடியவில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி, நின்றுகொண்டிருந்த தங்கத்தாயையே பார்த்தார்.

"இறக்கல" என்றார்.

"சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார் நடுவர்.

"தரையில இறக்கலைங்கய்யா. யாரும் உக்காரவும் இல்ல. அந்தம்மா சட்டிய நான்தான் வாங்கிச் சுமந்தேன், கண்மா வரைக்கும்."